கடைசியாகத் திறந்த கிணறு

"அந்தக் கிணத்துல என் வீட்டுக்காரர் எதையும் ஊத்தலைங்க. சத்தியமாச் சொல்றேன், ஊத்தலைங்க."

வந்த பெண் உட்காரக்கூட இல்லை. மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதையும் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாரே தவிர உட்காரவில்லை.

நான் ஒரு சந்தேகப் பிராணி. யாராவது கேட்காமலே சத்தியம் செய்தால் எனக்கு உடனே மூக்கில் வேர்த்துவிடும். 'ஊத்தியிருப்பார்' என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அண்ணி அப்படி எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் முடிவு செய்ய மாட்டார். அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. எரியாத கடை எரிந்ததாகவும் தொலையாத நகை தொலைந்ததாகவும் சொல்லிக்கொண்டு வருகிறவர்களை ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பல வருஷம் பார்த்துச் சலித்து, வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறிய வந்தவர். டயர் கடைக்கு மேலே ஓர் அறைதான் எங்கள் அலுவலகம். நான் அங்கே உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருகிறவன். "வீட்ல மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறதுக்கு அவ கூடவாவது போய்த் தொலைடா" என்று அண்ணன் ஆசீர்வதித்து அனுப்பிய பதவி. அண்ணி என்னைத் 'தம்பி, வா, போ' என்பார். கோபம் வந்தால் மட்டும் 'வாங்க, போங்க' என்று மரியாதை கூடிவிடும். அந்த மாதிரி நேரத்தில் நான் வாயைத் திறப்பதில்லை.

"உக்காருங்கம்மா. எந்தக் கிணறு? அதுலேருந்து ஆரம்பிங்க" என்றார் அண்ணி.

அந்தப் பெண் சொன்னது இதுதான். ஊர்க் குப்பையையெல்லாம் வருஷக்கணக்காகக் கொட்டிய மேடு ஒன்று ஊர்க்கோடியில் இருக்கிறது. இப்போது அங்கே யாரும் கொட்டுவதில்லை. ஒரு கம்பெனி அதைச் சுத்தப்படுத்தும் வேலையை எடுத்து, மேட்டின் மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, மண்ணால் மூடி, புல்லும் வளர்த்துவிட்டது. மேலே புல் வளர்ந்தால் போதுமா? உள்ளே ஊறிக் கிடக்கும் விஷம் நிலத்தடித் தண்ணீருக்குள் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காக மேட்டைச் சுற்றி ஏழு இடங்களில் ஆழமாகக் குழாய் இறக்கியிருக்கிறார்கள். ஒரு கை நுழையும் அகலம்தான். அதைத்தான் கிணறு என்கிறார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒருவர் வந்து ஏழிலிருந்தும் தண்ணீர் எடுத்துப் போவார். இதுவரை எல்லாம் நல்லபடியாக வந்துகொண்டிருந்தது. இந்த முறை ஐந்தாம் கிணற்றில் மட்டும் விஷம்.

"என் வீட்டுக்காரர் அங்க வாட்ச்மேன்ங்க. சாவிக்கொத்து அவர்கிட்டதான் இருக்கும். அவர் கொட்டகைல பாதி டின் தின்னர் கிடந்திச்சாம். அதைத்தான் கிணத்துல ஊத்திட்டாருன்னு போலீஸ்ல பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. கேட்டுக்குப் பெயிண்ட் அடிச்ச மிச்சம்ங்க அது!"

"அவர் ஏன் ஊத்தணும்? என்ன காரணம் சொல்றாங்க?"

"எல்லாக் கிணறும் சுத்தம்னு வந்துட்டா இடத்தை ஒப்படைச்சிடுவாங்களாம். அப்புறம் வாட்ச்மேன் எதுக்கு? வேலை போயிடக் கூடாதுன்னு இப்படிப் பண்ணிட்டாராம். நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்க. உள்ள போட்டுட்டா எப்ப விடுவாங்களோ..."

காரணம் கச்சிதமாகத்தான் இருந்தது. வேலை போகும் என்றால் மனுஷன் என்னதான் செய்ய மாட்டான்? அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் என் தீர்ப்பைப் பாதி அழித்துவிட்டேன். மீதியை அப்படியே வைத்துக்கொண்டேன்.

"நாளைக்குன்னா நமக்கு இன்னிக்கு மட்டும்தான் இருக்கு. நீங்க ஸ்டேஷன்லயே இருங்கம்மா. தம்பி, வண்டியை எடு" என்றார் அண்ணி.

"எங்க அண்ணி?"

"குப்பைமேட்டுக்கு."

"நான் கடைசில அங்கதான் போய்ச் சேருவேன்னு அண்ணன் அப்பவே சொன்னாரு."

*

குப்பைமேடு என்று சொன்னால்தான் தெரியும். பார்வைக்குப் பச்சை வற்றிய ஒரு குன்று, அவ்வளவுதான். வெயிலில் புல்லெல்லாம் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. குன்றின் மேல் அங்கங்கே வளைந்த குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே அழுகும் குப்பையிலிருந்து வரும் வாயு வெளியேறும் வழியாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'நெருப்புப் பற்றவைக்காதீர்' என்று சிவப்புப் பலகை. கேட்டில் ஒரு போலீஸ்காரர் காவலுக்கு நின்றார். வாட்ச்மேனைப் பிடித்த நாளிலிருந்து, ஆள் துணையில்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை என்றார்.

தகரக் கொட்டகையில் இருந்த கம்பெனி எஞ்சினியர் எங்களைப் பார்த்ததுமே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பெருத்த வயிறு, சிறுத்த பொறுமை.

"போலீஸே முடிச்சுட்டாங்க. நீங்க வந்து இன்னும் என்னத்தைத் தோண்டப் போறீங்க?"

"தோண்டுறது உங்க வேலை சார். நாங்க வாயால மட்டும்தான் தோண்டுவோம்" என்றேன்.

அண்ணி என்னைப் பார்க்காமலே நடுவில் புகுந்தார். "அஞ்சாம் கிணறு இதுக்கு முன்னாடி எப்படி சார் இருந்துது?"

"அதுதாங்க எங்க செல்லப்பிள்ளை. ஏழுலயே சுத்தமானது அதுதான். ரெண்டாவதும் ஏழாவதும் லேசா மக்கர் பண்ணும், அஞ்சு ஒரு தடவைகூடப் பண்ணினதில்லை. அதுல போய் ஊத்தியிருக்கான் பாருங்க, பாவி."

"தண்ணி எடுத்தவர் ஏதாவது தப்புப் பண்ணியிருக்கலாமே?"

"சான்ஸே இல்லை. அன்னிக்கு முழுக்க நானே அவர் பக்கத்துல நின்னேன். பம்பு போட்டது, பாட்டில் நெரப்பினது, மூடி போட்டது, எல்லாம் என் கண்ணு முன்னாடி."

"எப்பவும் கூட நிப்பீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? அன்னிக்கு மட்டும்தான். இடத்தை வாங்கப் போறவர் போன் மேல போன் போட்டு உயிரை எடுத்துட்டார், எப்ப முடிப்பீங்க, எப்ப முடிப்பீங்கன்னு. அதான் அவரைத் திடீர்னு வரச் சொன்னேன். ரெண்டு நாள் தள்ளி வரேன்னார். அதெல்லாம் முடியாது, இன்னிக்கே வாங்கன்னுட்டேன். எங்கயாவது பாதில விட்டுட்டுக் கம்பி நீட்டிடுவாரோன்னு கூடவே சுத்தினேன். அதுக்கு என்னை அவர் படுத்தின பாடு இருக்கே! நாலாவதை முடிச்சு அஞ்சாவது கிட்டயே போயிட்டோம். 'இது கடைசில சார்'னு ஆறுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். மத்ததெல்லாம் முடிச்சப்புறம் மறுபடி வெயில்ல அம்புட்டு தூரம் திரும்பி அஞ்சுக்கு நடை. இந்த வயித்தையும் தூக்கிக்கிட்டு!"

வயிற்றைத் தட்டிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணிக்கு வரவில்லை. அவர் சுவரில் மாட்டியிருந்த குன்றின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று முதல் ஏழு வரை, வட்டமாக, வரிசையாகக் கிணறுகள் குறித்திருந்தன.

"போலீஸ் மறுபடி தண்ணி எடுத்துப் பாக்கச் சொல்லியிருக்காங்க. தண்ணி எடுக்கிறவர் இப்ப வந்துடுவார். வேணும்னா கூட நடந்து பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு எஞ்சினியர் எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போனார். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஆடு திருடியவன் திரும்பிப் பார்ப்பது மாதிரி இருந்தது.

இதை விட்டால் நான் என்ன உதவியாளன்? ஓசைப்படாமல் பின்னாலேயே போனேன். கொட்டகையின் மறுபக்கம், பழைய தார்ப்பாய்க்குக் கீழே எதையோ குனிந்து மறைத்துக்கொண்டிருந்தார். பாய்ந்து தார்ப்பாயைத் தூக்கினேன்.

அடியில் ஒரு குவியல் சிகரெட் துண்டுகள்.

"தம்பி, கத்தாதீங்க தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார் எஞ்சினியர். "இந்த மேட்டுல தீக்குச்சி கிழிச்சேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும்."

அவருடைய திருட்டுமுழியின் குட்டு இவ்வளவுதான். தின்னரையும் விஷத்தையும் எதிர்பார்த்துப் போன எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, அடுத்த நிமிஷமே அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.

"மேட்டையே கொளுத்தத் தெரிஞ்சவர். ஆனா கிணத்துல ஊத்தினது அவர் இல்லை" என்றார் அண்ணி.

"எப்படித் தெரியும்?"

"ஊத்தியிருந்தா, அன்னிக்குப் பக்கத்துல நின்னதை இவ்வளவு பெருமையா சொல்லிக்க மாட்டார்."

*

பரிசோதனைக் கூடத்திலிருந்து தண்ணீர் எடுக்கிறவர் வந்தார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போய்விட்டது. மெலிந்த உடம்பு, துவைத்து மடித்த சட்டை, நிதானமான பேச்சு. எங்களைப் பார்த்ததும் பையிலிருந்து புதிதாக இரண்டு ஜோடி கையுறை எடுத்துக் கொடுத்தார். "சாக்கிரதையா இருந்துக்கறது நல்லதுங்கம்மா" என்றார். அவருடைய தள்ளுவண்டியில் ஒரு சின்னப் பம்பு, சுருட்டிய ஹோஸ், பாட்டில்கள், இரண்டு டிரம்கள். ஒன்றில் கழுவுவதற்கு நல்ல தண்ணீர். இன்னொன்று காலி. கிணற்றிலிருந்து இறைக்கிற தண்ணீரைத் தரையில் விடக் கூடாதாம், அதில்தான் பிடித்து, கிணற்றுக்குக் கிணறு கழிவுத் தொட்டியில் கொட்ட வேண்டுமாம்.

எஞ்சினியரும் மூச்சு வாங்கிக்கொண்டு சேர்ந்துகொண்டார். முதல் கிணறு. இரும்பு மூடியில் ஒரு பூட்டு. துருப்பிடித்துப்போய், சாவியை நுழைத்து நாலு முறை உலுக்கிய பிறகுதான் திறந்தது. பம்பை இறக்கி வெகுநேரம் ஓட்டினார். குழாயில் தேங்கி நின்ற பழைய தண்ணீர் போய், நிலத்துக்குள்ளிருந்து புதுத் தண்ணீர் வந்த பிறகுதான் பாட்டிலில் பிடித்தார். அப்புறம் பம்பைக் கழுவினார், துடைத்தார், மறுபடி கழுவினார். என் அம்மா பால் பாத்திரம் கழுவியதுகூட இவ்வளவு பக்தியோடு கிடையாது.

அடுத்தது இரண்டு என்று நான் முன்னால் நடந்தேன்.

"அங்க இல்லை தம்பி, மூணு. ரெண்டு கொஞ்சம் அழுக்கு" என்றார் அவர். "சுத்தமானதுல ஆரம்பிச்சு அழுக்கானதுல முடிக்கணும். பம்பு ஒண்ணுதானே இருக்கு? அழுக்குல முக்கினதைக் கொண்டுபோய்ச் சுத்தத்துல முக்கினா, அதுவும் அழுக்குன்னு வந்துடும். எத்தனை கழுவினாலும் துளி ஒட்டிக்கிட்டு வரும். இந்த வேலைக்கு வந்த அன்னிக்கே இதைத்தான் சொல்லிக் கொடுப்பாங்க."

"எங்க வீட்டுலயும் இதே சட்டம்தான்" என்றேன். "ஒரே துணின்னா முதல்ல சாப்பாட்டு மேஜை, கடைசில தரை. ஒரு நாள் மாத்தித் துடைச்சுட்டேன். அன்னிக்கு அண்ணி எனக்குக் கொடுத்த மரியாதை இருக்கே!"

மூன்று, நான்கு, ஆறு. ஒவ்வொரு பூட்டும் அவரைப் படுத்திவிட்டுத்தான் திறந்தது. பிறகு இரண்டு, ஏழு. கடைசியாக ஐந்து.

ஐந்தாம் கிணற்றுக்கு வந்ததும் அண்ணி, "சாவியை என்கிட்டக் கொடுங்க, நான் திறக்கறேன்" என்றார். நுழைத்துத் திருப்பினார். பூட்டு வெண்ணெயாக வாயைப் பிளந்தது. அண்ணி பூட்டைத் தொட்ட விரலை முகர்ந்து பார்த்தார். எண்ணெய்.

"அடிக்கடி திறந்திருக்கான். இதுவே சாட்சி" என்றார் எஞ்சினியர்.

"ஆமா, யாரோ அடிக்கடி திறந்திருக்காங்க. இதோட சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"வாட்ச்மேன் கிட்ட ஒரு கொத்து, இவர்கிட்ட ஒரு கொத்து."

அண்ணி தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். குன்று முழுக்கப் புல் காய்ந்து கிடக்க, ஐந்தாம் கிணற்றைச் சுற்றி மட்டும் பச்சைப்பசேல் என்று தழைத்திருந்தது. அங்கிருந்து சரிவு நேராகக் கீழே இறங்கியது. சரிவின் அடியில் நெருக்கமாகத் தகரக் கூரைகளும் ஓட்டுக் கூரைகளும் தெரிந்தன. ஒரு பெண் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

பம்பு ஓடியது. வந்த தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. அதன் நெடி தலையைச் சுற்ற வைத்தது. கொஞ்ச நேரத்தில் அவர் பம்பை நிறுத்தப் போனார்.

"போதும்ங்கம்மா. ஊத்தின தின்னர்தான் வருது."

"மத்த கிணத்துலயெல்லாம் இன்னும் ரொம்ப நேரம் ஓட்டினீங்களே? இதுலயும் ஓட்டுங்க" என்றார் அண்ணி.

ஓட்டினார். அதே நிறம், அதே நெடி. பாதி டிரம் நிறைந்தது. இன்னும் ஓடியது. டிரம் விளிம்பு வரை வந்துவிட்டது. நிறம் ஒரு துளிகூட மாறவில்லை.

"போதும், நிறுத்துங்க" என்றார் அண்ணி. "சார், வாட்ச்மேன் கொட்டகைல இருந்தது எவ்வளவு தின்னர்? ஒரு டின். அதுலயும் பாதி மிச்சம் இருக்கு. அவர் மீதிப் பாதியை ஊத்தினார்னே வெச்சுக்குவோம். இத்தனை தண்ணி இறைச்சப்புறம் அது கழுவிட்டுப் போயிருக்கணும், தண்ணி தெளிஞ்சிருக்கணும். இது தெளியலை. தெளியவும் தெளியாது. இது மேலேருந்து ஊத்தினது இல்லை சார். மண்ணுக்குள்ளேருந்து வந்துக்கிட்டே இருக்கு."

எஞ்சினியர் முகத்தில் ஈயாடவில்லை. "அப்படின்னா... எங்க விரிப்பு... மேடே கசியுதா?"

"கசியுது. ரொம்ப நாளா."

"அப்புறம் எப்படி இத்தனை நாளும் அஞ்சு சுத்தம்னு வந்துது?"

எனக்குள் மணி அடித்தது. கசிவு வெளியே தெரிந்தால் யாருக்கு நஷ்டம்? விரிப்புப் போட்டவருக்கு. "நீங்கதான் சார்!" என்று விரலை நீட்டினேன். "உங்க வேலை ஓட்டைன்னு தெரியக் கூடாதுன்னு நீங்கதான் ஏதோ பண்ணி..."

"தம்பி, நீங்க கொஞ்ச நேரம் சும்மா இருக்கீங்களா?" என்றார் அண்ணி.

மரியாதை வந்துவிட்டது. விரலை மடக்கிக்கொண்டேன்.

"எல்லாரும் தப்பான கேள்வியைக் கேட்டுக்கிட்டிருந்தோம்" என்றார் அண்ணி. "இந்தத் தடவை விஷத்தை யார் ஊத்தினாங்கன்னு கேட்டோம். இந்தத் தடவை யாரும் எதையும் ஊத்தலை, அதனாலதான் உண்மை வெளியே வந்துது. இதுவரைக்கும் ஊத்தினாங்க. நல்ல தண்ணி. தின்னர் சிந்தியிருந்தா இந்தப் புல்லு கருகியிருக்கும். நல்ல தண்ணி சிந்திச் சிந்தித்தான் இப்படித் தழைச்சிருக்கு. குழாய் கை அகலம்தான். ஒரு டிரம் தண்ணி ஊத்தி நெரப்பிட்டு, மறுநாள் பம்பு போடாம மேலாப்புல மொண்டா, செல்லப்பிள்ளை கிணறு ரெடி."

"யாரு?" என்றார் எஞ்சினியர்.

அண்ணி தள்ளுவண்டிக்காரரிடம் திரும்பினார். மிகவும் சாதாரணமாக, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது மாதிரி கேட்டார்.

"இன்னிக்கு அஞ்சைக் கடைசில வெச்சீங்க. சரிதான், அழுக்குன்னு முடிவு வந்துட்டுதே. ஆனா போன தடவை, இந்த சார் கூட நின்ன அன்னிக்கு? அன்னிக்குக் காலைல வரைக்கும் ஏழுலயே சுத்தமானது அஞ்சுதான். உங்க சட்டப்படி அதை முதல்ல திறந்திருக்கணும். நீங்க நாலுலேருந்து அதைத் தாண்டிப் போய், எல்லாத்தையும் முடிச்சுட்டு, இவரை வெயில்ல திரும்ப நடக்க வெச்சுக் கடைசியாத் திறந்தீங்க. ஏன்?"

அவர் கையுறையை விரல் விரலாகக் கழற்றினார்.

"பாதை... பாதை அப்படி..."

"பாதைல அஞ்சுக்கு அப்புறம்தாங்க ஆறு வருது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் அன்று முன்கூட்டி வந்து நல்ல தண்ணீர் ஊற்ற நேரம் கிடைக்கவில்லை. எஞ்சினியர் பக்கத்தில் நின்றதால் மேலாப்பில் மொள்ளவும் முடியவில்லை, பம்பு போட்டே ஆக வேண்டும். உள்ளே இருப்பது விஷம் என்று அந்த இடத்திலேயே தெரிந்த ஒரே ஆள் அவர். ஏமாற்ற வந்த இடத்திலும் தொழில் பழக்கம் விடவில்லை. மற்ற ஆறு கிணறும் கெட்டுவிடக் கூடாதே என்று ஐந்தைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறார். எனக்குக் கையுறை கொடுத்த மனுஷன். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது, அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

அண்ணி போலீஸ் நிலையத்துக்குப் போன் போட்டு, இன்ஸ்பெக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, வாட்ச்மேனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"தண்ணி எடுக்க வர்ற சாரா?" என்று ஒரு களைத்த குரல் வந்தது. "எப்பவும் மொத நாளே வருவாருங்க. டிரம்ல தண்ணி கொண்டாந்து அஞ்சைக் கழுவிட்டுப் போவாரு. இந்தத் தடவை மட்டும் வரலைங்க."

"இதை ஏன்யா இத்தனை நாள் சொல்லலை?" என்றது இன்ஸ்பெக்டரின் குரல்.

"யாரும் கேக்கலீங்களே. வேலையே அப்படித்தான்னு நினைச்சேன். அதுவும் இந்தத் தடவை அவர் வரவே இல்லையே, வராத ஆளைப் பத்தி என்னன்னு சொல்றது?"

தண்ணீர் எடுக்கிறவர் தள்ளுவண்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இடத்தை வாங்கறது என் மச்சான்" என்றார். "எல்லாத்தையும் இதுல போட்டுட்டான். அஞ்சு அழுக்குன்னு வந்தா வாங்க முடியாது, என் தங்கச்சி குடும்பம் தெருவுக்கு வந்துடும். அவசரப்படாதே, நான் பாத்துக்கறேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அவன்தான் போன் மேல போன் போட்டு இவரை விரட்டி, என்னை ஒரு நாள் முன்னாடி வரவிடாமப் பண்ணிட்டான்."

"வாட்ச்மேனைப் பிடிச்சுட்டுப் போனாங்களே, அப்ப ஏன் சொல்லலை?"

"விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்."

"அவர் பொண்டாட்டியும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு ஸ்டேஷன் வாசல்ல நிக்கறாங்க" என்றார் அண்ணி.

*

மத்தியானம் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். வாட்ச்மேனின் மனைவி வாசல் படியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு உட்காரவே தெரியாதோ என்னவோ. அண்ணி அவர் தோளைத் தொட்டு, "விடறாங்கம்மா. உங்க வீட்டுக்காரர் எதையும் ஊத்தலை. எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு" என்றதும், அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. காலையில் அவர்மேல் எழுதிய தீர்ப்பை நினைத்து வெட்கமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் வெளியே வந்தார். தாடி முளைத்து, சட்டை கசங்கி, வெயிலில் கண் கூச நின்றார். சட்டையை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார்.

"வா, வீட்டுக்குப் போவோம். நம்ம கிணத்துத் தண்ணியைச் சில்லுனு நாலு வாளி தலைல ஊத்திக்கிட்டு, ஒரு சொம்பு குடிச்சாத்தான் எனக்கு உசிரே வரும்."

அந்தப் பெண் சிரித்தார். சிரித்தபடியே தலையாட்டினார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது.

"ஏங்கம்மா" என்று அண்ணியிடம் திரும்பினார். "இவர் ஒண்ணும் ஊத்தலைன்னா... அஞ்சாம் கிணத்துல இருந்தது?"

அண்ணியால் பொய் சொல்ல முடியவில்லை. "அது மேட்டுலேருந்து வர்றதும்மா. ரொம்ப நாளா கசியுது."

"அஞ்சுக்கு நேர் கீழதாங்க எங்க தெரு."

"தெரியும்மா. பாத்தேன்."

வாட்ச்மேன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மனைவி இடுப்பில் செருகியிருந்த சின்னப் பையிலிருந்து போனை எடுத்தார். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான பெயரைத் தொட்டார்.

"நாத்தனாருக்கு" என்றார் எங்களிடம், மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி. "அவதான் புள்ளைங்களைப் பாத்துக்கறா." பிறகு போனில் பேசினார்.

"நான்தான்டி பேசறேன். அடுப்பை அணை... இல்லை, உங்கண்ணன் வந்துட்டாரு, பக்கத்துலதான் நிக்கறாரு, நல்லாத்தான் இருக்காரு. அழாம நான் சொல்றதைக் கேளு. அடுப்புல இருக்கிறதைக் கீழ கொட்டு. குடத்துத் தண்ணியையும் கொட்டிடு. புள்ளைங்களைக் கிணத்துப் பக்கம் விடாதே... ஏன்னு அப்புறம் சொல்றேன்டி. பக்கத்து வீட்டுல மாசமா இருக்காளே, மொதல்ல ஓடிப்போய் அவகிட்டச் சொல்லு. அப்புறம் ஒரு வீடு விடாம, தெரு முழுக்கச் சொல்லு."